தாம்பூலம் மாற்றும் முன் எந்த டெஸ்ட், எந்த வரிசையில்?

பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார்: “தங்கைக்கு 23 வயது. அம்மாவின் கடைசித் தம்பிக்கே கொடுப்பதாகப் பேச்சு. மாமாவுக்கு 31, நகரியில் தறி ஓட்டுகிறார். அம்மாவின் பெரியம்மா மகளுக்குப் பிறந்த ஒரு பையன் மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்து ஏழு வயதில் தவறிவிட்டான். அதனால் முன்கூட்டியே ஒரு டெஸ்ட் எடுக்கலாம் என்றேன். ‘சொந்தத்துக்குள்ள என்னடா டெஸ்ட்டு? ரெண்டு பேருக்கும் பி பாசிட்டிவ்தான், ரத்தம் ஒத்துப்போச்சு’ என்று வாயை அடைத்துவிட்டார்கள். யார் சொல்வது சரி? எடுப்பதென்றால் எதை, எங்கே, எப்போது?”

நீங்கள் சொல்வதுதான் சரி. வெளியில் சம்பந்தம் செய்கிறவர்களைவிட உங்கள் வீட்டுக்குத்தான் இந்த டெஸ்ட் அவசியம். அதற்குள் போகுமுன் அந்த பி பாசிட்டிவை முடித்துவிடலாம்.

இருவருக்கும் ஒரே ரத்த வகை இருந்தால் நல்லது என்பதும் தவறு, ஒரே வகையாக இருந்தால் குழந்தை தங்காது என்பதும் தவறு. ஏ, பி, ஓ என்பதெல்லாம் யாருக்கு யார் ரத்தம் கொடுக்கலாம் என்ற கணக்கு. கல்யாணத்துக்கு அதில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: பெண் நெகட்டிவ், ஆண் பாசிட்டிவாக இருக்கிறார்களா என்பது. அப்படி இருந்தாலும் கல்யாணத்தை நிறுத்தத் தேவையில்லை. முதல் குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அந்தப் பிரசவத்தில் குழந்தையின் ரத்தம் தாயின் உடம்பில் கலந்து எதிர்ப்புப் பொருள் உருவானால் அடுத்த குழந்தைக்குத்தான் ஆபத்து. அதைத் தடுக்க 28-வது வாரத்தில் ஒரு ஆன்டி-டி ஊசி, பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று போடுவார்கள். கரு கலைந்தாலும் போட வேண்டும். அதைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் இருவரும் பாசிட்டிவ் என்பதால் இந்தப் பேச்சே வேண்டாம்.

இனி அந்தப் பையன். ஏழு வயது வரை மாதாமாதம் ரத்தம் ஏற்றினார்கள் என்றால் அது பெரும்பாலும் தலசீமியா மேஜர் என்ற பரம்பரை ரத்த நோயாகத்தான் இருக்கும். ரத்தத்தில் ஹீமோகுளோபினைக் கட்டும் மரபணு இரண்டு பிரதி இருக்கும், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதாக இருந்தால் அந்த ஆள் கேரியர். அவர் நன்றாக இருப்பார், தறி ஓட்டுவார், பிள்ளை பெறுவார், சாகும்வரை தெரியாமலே போகலாம். இரண்டும் பழுதாக ஒரு குழந்தைக்கு வந்துவிட்டால் ஆறு மாதம், ஒரு வயதில் வெளுக்கத் தொடங்கும். பிறகு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம், வாழ்நாள் முழுக்க. ஏற்றுகிற ரத்தத்தோடு வரும் இரும்புச்சத்து இதயத்திலும் ஈரலிலும் படியும். அதை வெளியேற்றத் தினமும் மாத்திரை. மாத்திரை தவறினால் ரத்தம் ஏற்றியும் பிழைக்காமல் போவது இப்படித்தான்.

அந்தப் பையனின் அம்மாவும் அப்பாவும் கட்டாயம் கேரியர்கள். அம்மாவுக்கு அது உங்கள் பாட்டியின் அக்காவிடமிருந்து வந்திருக்கலாம், அல்லது அந்தப் பெரியம்மாவின் வீட்டுக்காரரிடமிருந்து. பாதிக்குப் பாதி. பெரியம்மாவிடமிருந்து என்றால் உங்கள் பாட்டிக்கும் அது இருக்க இன்னொரு பாதி. பாட்டியிடமிருந்து மாமாவுக்கு இன்னொரு பாதி. ஆக மாமா கேரியராக இருக்க எட்டில் ஒன்று.

எட்டில் ஒன்றுதானே என்று விடாதீர்கள், சொந்தம் என்பது இனிமேல்தான் கணக்கில் வருகிறது. மாமாவுக்கு இருந்தால் அது உங்கள் பாட்டி தாத்தா ஒருவரிடமிருந்து வந்தது. அதே பாட்டி தாத்தாவுக்குப் பிறந்த உங்கள் அம்மாவுக்கும் இருக்க பாதி வாய்ப்பு, அம்மாவிடமிருந்து தங்கைக்கு வர அதில் பாதி. அதாவது மாமா கேரியர் என்றால் தங்கையும் கேரியராக இருக்க நாலில் ஒன்று. அத்தை மகன், மாமன் மகள் என்றால் எட்டில் ஒன்று. முன்பின் தெரியாத ஒரு பெண் என்றால்? நாம் பேசும் இந்த வகை, அதாவது பீட்டா தலசீமியா கேரியர்கள் இந்தியாவில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் என்பது பொதுவான கணக்கு, அதாவது சுமார் முப்பதில் ஒன்று. நோய் அரிதாக அரிதாக இந்த இடைவெளி அகலும். இருநூறில் ஒருவருக்கு மட்டும் இருக்கும் ஒரு பழுதை எடுத்துக்கொண்டால் வெளிப்பெண்ணுக்கு இருநூறில் ஒன்று, அக்கா மகளுக்கு அப்போதும் நாலில் ஒன்றுதான். “சொந்தத்துக்குள்ள என்ன டெஸ்ட்டு” என்று கேட்பவர்களுக்கு இதை ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள். வாக்குவாதத்தைவிடத் தாள் சீக்கிரம் வேலை செய்யும்.

உங்கள் திருத்தணி வட்டாரம் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டுப் பக்கம் சேர்ந்தது 1960 ஏப்ரல் 1-ல். கோடு மாறியதே தவிர கொள்வினை கொடுப்பினை மாறவில்லை. நகரி, புத்தூர், பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை எல்லாம் இன்றும் ஒரே சம்பந்த வட்டம். அந்தப் பக்கம் மேனரிகம் என்பார்கள், இந்தப் பக்கம் முறை என்பார்கள். 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் தாய்மாமன்–அக்கா மகள் உறவைத் தடைசெய்த உறவுகளில் வைத்திருந்தாலும், வழக்கம் உள்ள சமூகங்களுக்கு விலக்குக் கொடுக்கிறது. அதனால் சட்டச் சிக்கல் இல்லை. ஆனால் இந்த ஒரு கல்யாணத்தை மட்டும் பார்த்து சொந்தத்தை அளக்கக் கூடாது. பாட்டியும் தாத்தாவுமே அத்தை மகன், மாமன் மகள் என்றால் நான் மேலே போட்ட கணக்கு இன்னும் நெருங்கும்.

ஆகவே முதல் டெஸ்டுக்கு ஊசி வேண்டாம், ஒரு முழுத்தாளும் பேனாவும் போதும். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், தம்பதிக்கு நடுவில் ஒரு கோடு, சொந்தத்தில் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு. மூன்று தலைமுறை போடுங்கள். பாட்டியிடம் “நம்ம வீட்ல யாருக்காவது நோய் இருந்துச்சா” என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். “எத்தனை பெத்தீங்க, எத்தனை தங்குச்சு?” என்று கேளுங்கள். ஒவ்வொரு சித்தி, பெரியம்மா, அத்தை வீட்டுக்கும் இதே கேள்வி. மாந்தம், தோஷம், காத்து கருப்பு என்று பதில் வந்தால் திருத்தாதீர்கள். எந்த வயதில், எப்படி என்று மட்டும் எழுதுங்கள். பிறவியிலேயே காது கேட்காதவர், நடை வராதவர், பேச்சு வராதவர், பத்து வயதுவரை நடந்துகொண்டிருந்து பிறகு நடக்க முடியாமல் போனவர், திரும்பத் திரும்பக் கரு கலைந்தவர் எல்லாருக்கும் ஒரு குறி. மரபியல் மருத்துவர் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான்.

அடுத்து ரத்தம். முழு ரத்த அணுக் கணக்கு, அதாவது சிபிசி, அதோடு ஹெச்பிஎல்சி முறையில் ஹீமோகுளோபின் வகை பிரிக்கும் டெஸ்ட். இரண்டுக்கும் ஊதா மூடி போட்ட குழாயில் இரண்டு மூன்று மில்லி போதும், வெறும் வயிறு வேண்டாம். கடந்த மூன்று மாதத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர் இப்போது எடுக்கக் கூடாது, கொடுத்தவரின் ரத்தம்தான் ரிப்போர்ட்டில் வரும்.

சிபிசி தாளைக் கையில் வாங்கியதும் எல்லாரும் ஹீமோகுளோபினைப் பார்ப்பார்கள். நீங்கள் அதற்குக் கீழே எம்சிவி என்ற வரியைப் பாருங்கள், அது சிவப்பணுவின் சராசரி அளவு. 80-க்குக் கீழே இருந்தால், அல்லது ஒரு சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினின் சராசரியான எம்சிஹெச் 27-க்குக் கீழே இருந்தால் சந்தேகம். உதாரணமாக ஒரு தாளில் ஹீமோகுளோபின் 11.4, சிவப்பணு எண்ணிக்கை 5.8, எம்சிவி 63 என்று இருக்கிறது. எம்சிவியை எண்ணிக்கையால் வகுத்தால் 10.9. இன்னொரு தாளில் ஹீமோகுளோபின் 9.2, எண்ணிக்கை 4.1, எம்சிவி 71. வகுத்தால் 17.3. பதின்மூன்றுக்குக் கீழே வந்தால் தலசீமியா கேரியர் பக்கம், மேலே வந்தால் இரும்புச்சத்துக் குறைவு பக்கம். முதல் தாளில் அணுக்கள் சிறுசாக இருந்தாலும் எண்ணிக்கை நிறைய, இரண்டாவதில் அளவும் குறைவு, எண்ணிக்கையும் குறைவு. இது கைக்கணக்குதான், தீர்ப்பு சொல்லாது. ஆனால் இந்தக் கணக்கைக்கூடப் போடாமல் “ரத்தம் கம்மி” என்று கேரியருக்கு வருஷக்கணக்கில் இரும்பு மாத்திரை கொடுப்பது சாதாரணமாக நடக்கிறது.

தீர்ப்பு ஹெச்பிஎல்சியில் வரும். அதில் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வரி 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பீட்டா தலசீமியா கேரியர். சிவப்பணு அரிவாள்போல் வளையும் சிக்கிள் செல் வகை இருந்தாலும் இதே தாளில் தெரியும். கூடலூர், வயநாடு, அட்டப்பாடிப் பழங்குடி மக்களிடையே அது அதிகம், நாடெங்கும் பழங்குடி மக்களிடையே இப்படி இருப்பதால்தான் 2023 ஜூலையில் தேசிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டமே தொடங்கினார்கள். ஏ2 எல்லையில், 3.3, 3.6 என்று நின்றால் அவசரப்படாதீர்கள். இரும்புச்சத்துக் குறைவு ஏ2-வைக் கீழே இழுக்கும், கேரியர் கேரியரே இல்லை என்று தெரியலாம். உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் டெஸ்ட் பார்த்து, குறைவாக இருந்தால் இரண்டு மூன்று மாதம் இரும்பு மாத்திரை எடுத்துவிட்டு மறுபடி ஹெச்பிஎல்சி. நம் பெண்களில் இரும்புச்சத்துக் குறைவு எவ்வளவு சாதாரணம் என்பதை யோசித்தால், டெஸ்டை முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது புரியும்.

பலரும் சறுக்குவது ரிப்போர்ட்டைப் படிக்கும்போது. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். மாமா மட்டும் கேரியர் என்றால் தாராளமாகக் கட்டலாம், பிறக்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் அவரைப்போல் கேரியராக இருப்பார்கள், மேஜர் வராது. தங்கை மட்டும் கேரியர் என்றாலும் அப்படியே. “பொண்ணுக்கு ரத்தத்துல குறை” என்று பேச்சைக் கிளப்பி ஒரு பெண்ணை ஒதுக்குவது அறியாமை. இருவருமே கேரியர் என்றால்தான் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. அப்போது ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு மேஜர். முதல் குழந்தைக்கு வந்துவிட்டால் அடுத்த மூன்றும் தப்பிக்கும் என்று அர்த்தமில்லை, ஒவ்வொரு தடவையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படும்.

இருவரும் கேரியர் என்றால் சம்பந்தத்தை விட்டுவிடலாம். தாம்பூலம் மாற்றாதவரை இதில் யாருக்கும் தலைகுனிவு இல்லை, அதனால்தான் முன்னால் எடுக்கச் சொல்வது. கட்டியே தீருவது என்றால் வழி இருக்கிறது: கர்ப்பத்துக்கு முன்பே இருவரின் மரபணுப் பழுது சரியாக எந்த இடத்தில் என்று கண்டுபிடித்து வைக்க வேண்டும். பிறகு 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவில் சிறு துணுக்கு எடுத்தோ, 16 வாரத்துக்குமேல் பனிக்குட நீர் எடுத்தோ கருவைச் சோதிப்பார்கள். கருவுக்கு மேஜர் என்று தெரிந்து கலைக்க முடிவெடுத்தால், 2021-ல் திருத்திய கருக்கலைப்புச் சட்டப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். இதில் தவறிப்போவது பெரும்பாலும் தேதிதான். பதினைந்தாம் வாரத்தில் முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போய், அதற்குமேல் பெற்றோரின் பழுதைத் தேடத் தொடங்கினால் காலம் ஓடிவிடும்.

எங்கே எடுப்பது? சிபிசி எந்த லேபிலும் எடுக்கலாம். ஹெச்பிஎல்சியைச் சிறு லேப்கள் பெரிய லேபுக்கு அனுப்பித்தான் கொடுக்கும், சில நாள் ஆகும். இந்தப் பக்கம் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி, அந்தப் பக்கம் திருப்பதி ரூயா ஆஸ்பத்திரி, இரண்டிலும் விசாரித்துவிட்டுப் போங்கள். மரபியல் ஆலோசனைக்கு வேலூர் சிஎம்சி இருக்கிறது, ரத்தவியல், மருத்துவ மரபியல் இரண்டு துறையும் அவர்களிடம் உண்டு, எந்த வளாகத்தில் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

தலசீமியா இல்லை என்று வந்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை, இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எந்தத் தம்பதிக்கும் நூற்றுக்கு இரண்டு மூன்று குழந்தைகள் ஏதாவது பெரிய பிறவிக் குறையோடு பிறப்பது உண்டு. அத்தை மகன், மாமன் மகள் கட்டினால் அது ஏறக்குறைய இரட்டிப்பு. தாய்மாமன் என்றால் அதற்கும் மேல். அதில் பெரும்பாலானவற்றுக்குச் சாதாரண ரத்த டெஸ்டில் விடை கிடையாது. நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒரே தடவையில் பார்க்கும் கேரியர் சோதனை உண்டு, விலை ஆயிரக்கணக்கில். அதையும் உங்கள் மூன்று தலைமுறைத் தாளைப் பார்த்த மரபியல் மருத்துவர் சொன்னால் மட்டும் எடுங்கள்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி, சிஃபிலிஸ் நான்கும் இருவருக்கும். நெற்றியில் எழுதி ஒட்டியிருக்காது, சொந்தமோ அசலோ. அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் எச்ஐவி டெஸ்ட் இலவசம், முடிவை உரியவரிடம் மட்டும்தான் சொல்வார்கள், 2017-ம் ஆண்டு எச்ஐவி சட்டம் ஒப்புதலும் ரகசியமும் கட்டாயம் என்கிறது. தொற்றின் முதல் வாரங்களில் டெஸ்டில் பிடிபடாது, சந்தேகம் இருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி. ஹெபடைட்டிஸ் பி ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்குத் தடுப்பூசி: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். ஆறு மாதம் என்ற கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹெபடைட்டிஸ் சி மாத்திரையில் குணமாகும், சிஃபிலிஸ் பென்சிலின் ஊசியில். சிஃபிலிஸுக்கு எடுக்கும் விடிஆர்எல் டெஸ்ட் பொய்யாகவும் பாசிட்டிவ் காட்டும், டிபிஹெச்ஏ என்ற இன்னொரு டெஸ்ட் எடுத்து உறுதி செய்யாமல் யாரையும் சந்தேகிக்காதீர்கள்.

தங்கைக்கு ரூபெல்லா என்ற ஜெர்மன் அம்மைக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்று ஒரு ஐஜிஜி டெஸ்ட். கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா வந்தால் குழந்தைக்குக் கண், காது, இதயம் பாதிக்கும். தமிழ்நாட்டில் 2017-ல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளியில் தடுப்பூசி போட்டார்கள், அவர் வயதைப் பார்த்தால் போட்டிருக்கக்கூடும். போடாதிருந்தால் இப்போது போட்டுவிட்டு ஒரு மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். ஃபோலிக் அமில மாத்திரை, தினம் 400 மைக்ரோகிராம், கர்ப்பத்துக்கு ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். குழந்தையின் தண்டுவடக் குழாய் கரு உருவான நான்கு வாரத்துக்குள் மூடிவிடும், பலருக்குக் கர்ப்பம் என்று தெரியவருமுன்பே அந்த வேலை முடிந்திருக்கும். சர்க்கரைக்கு மூன்று மாதச் சராசரி, தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், ரத்த அழுத்தம். இவை இரு தரப்புக்கும். இரும்புச்சத்துக் குறைவு உள்ளவர்களுக்கு மூன்று மாதச் சராசரி கொஞ்சம் கூட்டிக் காட்டும் என்பதையும் மருத்துவரிடம் நினைவூட்டுங்கள்.

டெஸ்டில் வராதது ஒன்று உண்டு: சாப்பிடும் மாத்திரைகள். வலிப்புக்கு மாத்திரை எடுக்கும் பெண், புகுந்த வீட்டில் தெரிந்துவிடும் என்று பயந்து கல்யாணத்தன்று மாத்திரையை நிறுத்துவாள். தூக்கமில்லாத இரண்டு மூன்று நாள், வெறும் வயிறு, ஹோமப் புகை எல்லாம் சேர, அந்த வாரத்திலேயே வலிப்பு வந்து மொத்தமும் வெளியே வரும். திருமணச் சட்டத்தில் இருந்த வலிப்பு நோய் என்ற சொல்லையே 1999-ல் எடுத்துவிட்டார்கள், மறைக்க ஒன்றுமில்லை. மாறாக, சோடியம் வால்ப்ரோயேட் எடுத்துக்கொண்டிருந்தால் கல்யாணத்துக்கு முன்பே நரம்பியல் மருத்துவரிடம் போய் மாற்று மருந்து கேட்க வேண்டும், அது கருவைப் பாதிக்கும் மருந்து. முகப்பரு மாத்திரை ஐசோட்ரெட்டினாயினும் அப்படித்தான்.

தேவையில்லாதவையும் உண்டு. “ப்ரீ மேரேஜ் பேக்கேஜ்” என்று எழுபது எண்பது டெஸ்ட் அடுக்கி விற்பார்கள், அதில் புற்றுநோய்க் குறியீடுகூட இருக்கும், ஹெச்பிஎல்சி இருக்காது. கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் எண்ணை வைத்து இயல்பாகக் கருத்தரிக்குமா என்று சொல்ல முடியாது. கன்னித்தன்மையைக் கண்டுபிடிக்க எந்த டெஸ்டும் கிடையாது, கேட்கும் வீட்டுக்குப் பெண்ணைக் கொடுக்காமலிருப்பது நல்லது. விந்தணுச் சோதனையை மாமாவுக்கு இளவயதில் விதையில் வீக்கமோ அந்த இடத்தில் அறுவைச் சிகிச்சையோ இருந்திருந்தால் யோசிக்கலாம், மற்றபடி வேண்டாம்.

வீட்டில் எப்படிச் சொல்வது? மாமாவையே பிடியுங்கள். முதல் ரத்தம் அவர் கையிலிருந்து போகட்டும், அவர் ஹெச்பிஎல்சி சுத்தமாக வந்தால் தங்கையின் முடிவு எதுவானாலும் மேஜர் பயம் கிட்டத்தட்ட இல்லை, பெரியவர்களும் அடங்கிவிடுவார்கள். தங்கையைத் தனியாக உட்காரவைத்து இந்தச் சம்பந்தத்தில் அவருக்கு விருப்பமா என்றும் கேட்டுவிடுங்கள், எந்த லேபிலும் எடுக்க முடியாத டெஸ்ட் அது. ரிப்போர்ட்டைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ஆறு மாதம் இல்லாவிட்டால் மூன்று மாதமாவது முன்னால் தொடங்குங்கள்.

இதெல்லாவற்றுக்கும் முன் ஒரு வேலை. அந்தப் பையனின் ஆஸ்பத்திரி ஃபைல் பெரியம்மா மகள் வீட்டில் இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். முதல் தடவை ரத்தம் ஏற்றுவதற்கு முன் எடுத்த ஹெச்பிஎல்சி தாள் அதில் இருந்தால் என்ன நோய் என்பது சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும். மரபணு ரிப்போர்ட் இருந்தால் எந்தப் பழுதைத் தேடுவது என்றே தெரிந்துவிடும், செலவும் குறையும். ஃபைலை எரித்துவிட்டார்கள் என்றால் அந்தப் பையனின் அம்மா, அப்பா இருவரையும் ஒரு சிபிசி, ஒரு ஹெச்பிஎல்சி எடுக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு வேறு பிள்ளைகள் இருந்தால், கல்யாண வயது வருமுன் அவர்களுக்கும்.